2,364 வெள்ளிக் கட்டிகளும் ஒரு சமையல்காரரும்

பள்ளத்தூரிலிருந்து எட்டிப் பார்த்தால் கடல் தெரியாது. கண்மாய் தெரியும். அதிலும் பாதி வருஷம் தண்ணீர் தெரியாது. ஆனால் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் ரங்கூன், பினாங்கு, சைகோன் மூன்றும் வரிசையாக வந்துவிடும். முருகப்பா குழுமத்தை ஆரம்பித்த முருகப்பச் செட்டியார் இந்த ஊர்க்காரர்தான். 1900-ல் பர்மாவில் லேவாதேவி தொடங்கியவர். வீட்டுத் தூண் பர்மாத் தேக்கு, தரை இத்தாலி மார்பிள் என்று கப்பலில் வந்த சாமான்களுக்கு இங்கே குறைவே இல்லை.

செட்டியார் கப்பல் ஏறினால் கூடவே இரண்டு பேர் ஏறுவார்கள். கணக்குப் பார்க்க ஒருத்தர், குழம்பு வைக்க ஒருத்தர். செட்டியார் படம் முகப்பில் மாலையோடு தொங்கும். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து பேரேட்டில் இருக்கும். குழம்பு வைத்தவரைப் பற்றி எந்தத் தடயமும் இருக்காது. குழம்பு அன்றைக்கே தீர்ந்துபோயிருக்கும்.

என் சின்னத் தாத்தா குழம்பு வைத்தவர்.

ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையல். 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டான். அடுத்த மார்ச்சில் ஊரையே பிடித்துக்கொண்டான். சின்னத் தாத்தா அதற்கு முன்பே எப்படியோ ஒரு கப்பலில் இடம் பிடித்து ஊர் வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். கடை போச்சு, வேலை போச்சு, வீட்டில் சின்ன அப்பத்தா முழுகாமல் இருக்கிறார். ஆடி மாதம் பம்பாய்க்குப் போனார். அங்கே கப்பலில் சமையல் வேலை. ஐப்பசியில் இங்கே பெண் குழந்தை. குழந்தை பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. அவர் திரும்பி வரவில்லை.

அந்தப் பெண் குழந்தைதான் என் அத்தை. எண்பதைத் தாண்டிவிட்டார். இன்னமும் கண்ணாடி போடாமல் அரிசியில் கல் பொறுக்குவார். போன வருஷம் பொங்கலுக்குப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, பத்திரிகையில எழுதுறியே... எங்கப்பா என்னைக்குப் போய்ச் சேந்தாகன்னு கண்டுபிடிச்சுச் சொல்ல மாட்டியா? எனக்கு ஒரு தேதி வேணும்டா."

ஏன் என்றால், திதி. சின்ன அப்பத்தா இருந்தவரை அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை என்றால் இறந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். சின்ன அப்பத்தா சட்டம் படித்ததில்லை. 1979-ல் கண்ணை மூடும் வரை நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் என் அப்பா துணிந்து, நாள் தெரியாதவர்களுக்குச் செய்வது போல மகாளய அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் விட ஆரம்பித்தார். அத்தைக்கு அதில் திருப்தி இல்லை. "ஊர்ல உள்ள எல்லாருக்கும் அன்னைக்குத்தான் கொடுக்கிறாக. கூட்டத்துல எங்கப்பாவுக்கு என்ன தெரியும்?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட். சரி, ஆளையும் கணக்கு மாதிரியே தேடுவோம் என்று இறங்கினேன்.

முதல் சிக்கல், சின்னத் தாத்தா கடற்படையா, சரக்குக் கப்பலா என்பது. எங்கள் வீட்டில் இது தலைமுறைக்குத் தலைமுறை பிரமோஷன் வாங்கிய விஷயம். தாத்தா காலத்தில் 'கப்பல்ல சமையல்'. அப்பா காலத்தில் 'நேவி'. என் தம்பி கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம் பெரியப்பா 'கேப்டனா இருந்தவர்' என்று சொன்னதை நானே காதால் கேட்டேன். இன்னும் ஒரு தலைமுறை போனால் கப்பலே எங்களுடையது ஆகிவிடும்.

ஆனால் காகிதத்துக்கு இந்த வித்தியாசம் உயிர். யுத்த காலத்தில் இருந்தது ராயல் இந்தியக் கடற்படை. அதில் இருந்த சிப்பாய்களின் சர்வீஸ் காகிதங்கள் இன்றைய இந்தியக் கடற்படையின் வசம். மும்பை மான்குர்டு பக்கம் சீட்டா கேம்ப்பில் 'பீரோ ஆஃப் செய்லர்ஸ்' என்று இதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. கடற்படைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1942 நவம்பர் 11-ம் தேதி 'பெங்கால்' என்ற நம் சின்னக் கப்பல் ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலோடு சேர்ந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பான் கப்பல்களை எதிர்த்து நின்றது. அதில் ஒன்று மூழ்கியே போனது. இந்த மாதிரி சங்கதிகள் சரித்திரப் புத்தகத்தில் ஏறிவிடும்.

கம்பெனிக் கப்பலில் கரி அள்ளியவர்கள், கயிறு இழுத்தவர்கள், சோறு வடித்தவர்கள் வேறு ஜாதி. லஸ்கர் என்பார்கள். யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்பு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். 50 ஆயிரம் பேர். சில்ஹெட், சிட்டகாங், ரத்தினகிரி, கோவா ஆட்கள்தான் அதிகம். சம்பளம் வெள்ளைக்காரனுடையதில் ஒரு துண்டு. டார்பிடோ மட்டும் எல்லோருக்கும் ஒரே சைஸ்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு (பெயர் வேண்டாம், பாவம்) நீளமாகக் கடிதம் போட்டேன். இன்னார், இன்ன ஊர், 1942-ல் கப்பலில் காணாமல் போனவர், விவரம் தேவை. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. 'தாங்கள் குறிப்பிட்டுள்ள நபர் உரிய அடையாளச் சான்றுகளுடன் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்.' அவர் நேரில் வந்தால் நான் ஏன் சார் விண்ணப்பிக்கிறேன்? மேளதாளத்தோடு கூட்டிக்கொண்டு வர மாட்டேனா!

அடுத்த சிக்கல் பெயர். நமக்கு இனிஷியல். வெள்ளைக்காரனுக்கு சர்நேம். நடுவில் பம்பாய் குமாஸ்தா. உதாரணத்துக்கு சுப்பையா என்று வைத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்தபடி ஒரு ரிஜிஸ்தரில் சூபியா, இன்னொன்றில் சோபையா, மூன்றாவதில் சபி. அப்பா பெயர் சில சமயம் ஆள் பெயர் ஆகிவிடும், ஊர்ப் பெயர் அப்பா பெயர் ஆகிவிடும். விலாசமோ இன்னும் மோசம். ஆள் பிடித்துக் கப்பலில் ஏற்றுகிறவர் செராங். அவர் சொல்கிறதுதான் விலாசம். அது பாதி நேரம் பம்பாயில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்திருந்த ஏதோ ஒரு கட்டடமாக இருக்கும். கம்பெனிக்காரன் நல்ல மனசோடு கடிதம் போட்டிருந்தாலும் அது பள்ளத்தூருக்கு வந்திருக்க வழியே இல்லை. போதாததற்கு யுத்தத் தணிக்கை. எந்தக் கப்பல் எங்கே மூழ்கியது என்பதைச் சுலபத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஆக, பெயரை வைத்துத் தேடுவது வைக்கோற்போரில் வைக்கோலைத் தேடுகிற வேலை.

இந்த விஷயம் தெரிந்த ஒரு ரிட்டயர்டு கப்பல் இன்ஜினீயர் காரைக்குடியில் இருக்கிறார். போய்ப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே வரிதான் சொன்னார். "தம்பி, ஆளைத் தேடாதீங்க. கப்பலைத் தேடுங்க. ஆளுக்கு ஆயிரம் எழுத்துப்பிழை வரும். கப்பலுக்கு வராது."

யோசித்தால் எவ்வளவு சரி! பிரிட்டனில் பதிந்த ஒவ்வொரு கப்பலுக்கும் அபிஷியல் நம்பர் என்று ஒன்று உண்டு. லண்டன் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1939-லிருந்து 1950 வரைக்குமான மாலுமி ஒப்பந்தங்களும் லாக் புத்தகங்களும் 'பி.டி. 381' என்ற தலைப்பில் இருக்கின்றன. அடுக்கியிருப்பது ஆள் பெயர்ப்படி இல்லை. கப்பல் நம்பர்ப்படி. எல்லாமே கப்பலுக்குக் கீழேதான் பைல் ஆகியிருக்கிறது. கப்பல் பெயர் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கப்பல் பெயருக்கு எங்கே போக? அத்தைக்குத் தெரியாது. அப்பாவுக்கு 'ஏதோ ராஜுலா மாதிரி வரும்' என்கிற அளவில் ஞாபகம். ராஜுலாவில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போகாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அதனால் கப்பல் என்றாலே எல்லோருக்கும் ராஜுலா, பல்பொடி என்றால் கோபால் மாதிரி.

அப்போதுதான் அத்தை போகிற போக்கில் ஒரு பொக்கிஷத்தைப் போட்டார். "பணமெல்லாம் செட்டியார் வீட்டு வெலாசத்துக்குத்தான் வரும். அம்மா அங்க போய்த்தான் வாங்கிட்டு வரும்."

செட்டியார் வீடு என்றால் பேரேடு. பேரேடு என்றால் நம்ம சப்ஜெக்ட்!

வீடு இன்னும் இருக்கிறது. தெருவுக்குத் தெரு நீளம். ஆனால் பூட்டு. உள்ளே கணக்கு அறைக்குத் தனிப் பூட்டு. வீட்டுக்குப் பங்காளிகள் பதினோரு பேர். ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் டல்லாஸில், மூன்று பேர் சென்னையில் ஒருவரோடொருவர் பேசாமல். ஓர் அறையைத் திறக்கப் பதினோரு சம்மதம். ஐ.நா. சபையில் தீர்மானம் நிறைவேற்றுவது இதைவிடச் சுலபம். நல்லவேளையாக ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு எல்லோரும் ஊரில் கூடினார்கள். பெரிய ஆச்சி, "திதிக்குத்தானே கேக்குது புள்ளை, தெறந்து விடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். பதினோரு ஓட்டும் விழுந்துவிட்டது.

பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் காலேஜில் படித்த இரட்டைப் பதிவு முறையை வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு தடவை செட்டிநாட்டுப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பற்று, வரவு, ஐந்தொகை என்று ஒரு அணா பிசகாது. எழுத்துத்தான் கொஞ்சம் படுத்தும். தமிழ் எண்களில் தொகை, பூச்சி அரித்த இடங்களில் கற்பனை. இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்று தும்மலுக்கு ஒரு பக்கம் வீதம்.

சித்திரபானு வருஷம். அதாவது 1942. ஆவணி மாதத்தில் சின்ன அப்பத்தா பெயரில் ஒரு தனிப் பற்று. 'பம்பாய் திலாவா கப்பல் சம்பளம் வகை மணியார்டர் வரவு.' புரட்டாசியில் ஒன்று. ஐப்பசியில் ஒன்று. கார்த்திகையில் இல்லை. மார்கழியில் இல்லை. தையில் வேறு மையில், 'குழந்தைக்குப் பால் செலவு, வீட்டுப் பற்று' என்று செட்டியார் தன் கணக்கிலிருந்தே இரண்டு ரூபாய் எழுதியிருக்கிறார். அதற்கப்புறம் மாதாமாதம் அந்த இரண்டு ரூபாய். வசூலித்ததாக எங்கேயும் இல்லை. ஐந்தொகையில் அதை எங்கே கொண்டு போய் மறைத்தார் என்று தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. மனுஷன் கெட்டிக்காரர்.

திலாவா! பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். ராஜுலாவுக்கும் அதே கம்பெனி. அப்பாவுக்கு நடுவில் ஒரு 'லா' வரும் என்ற வரைக்கும் சரியாகத்தான் ஞாபகம் இருந்திருக்கிறது.

பெயர் கிடைத்த பிறகு மீதி மளமளவென்று வந்தது. 1942 நவம்பர் 20-ம் தேதி திலாவா பம்பாயிலிருந்து கிளம்பியது. மொம்பாசா, அப்புறம் மபூட்டோ, டர்பன் போக வேண்டும். கப்பலில் மொத்தம் 958 பேர். ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்த குஜராத்திகள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். 23-ம் தேதி திங்கட்கிழமை, பொழுது விடிவதற்கு முன், சீஷெல்ஸ் தீவுகளுக்கு வடகிழக்கே நடுக்கடலில் ஐ-29 என்ற ஜப்பான் நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. கப்பல் உடனே மூழ்கவில்லை. இரண்டாவது டார்பிடோவில் போய்விட்டது. பர்மிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து, படகுகளிலும் கட்டைகளிலும் மிதந்தவர்களை அள்ளிக்கொண்டு 27-ம் தேதி பம்பாய் வந்து சேர்ந்தது. பிழைத்தவர்கள் 678. போனவர்கள் 280. கூட்டிப் பாருங்கள், டேலி ஆகும்.

எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் 1914-ல் மதராஸ் மேல் கொஞ்ச நேரம் குண்டு போட்டுவிட்டுப் போனது. இன்றைக்கும் வில்லங்கமான ஆளை 'அவன் எம்டன்டா' என்கிறோம். நம் ஆட்கள் 280 பேர் போன திலாவா என்ற பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நான் பேரேட்டில் படிக்கும் வரை எனக்குத் தெரியாது.

இனி சமாசாரத்தின் இன்னொரு பக்கம். கப்பலில் ஜனங்களோடு சரக்கும் இருந்தது. அதில் 2,364 வெள்ளிக் கட்டிகள். தென்னாப்பிரிக்க அரசாங்கம் நாணயம் அடிக்க வாங்கியது. எல்லாம் இரண்டரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது. 2017-ல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி மெஷினை இறக்கி அத்தனையையும் மேலே கொண்டுவந்துவிட்டது. யாருக்குச் சொந்தம், தேடி எடுத்ததற்குக் கூலி உண்டா என்று லண்டனில் கேஸ் நடந்தது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தென்னாப்பிரிக்காவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 75 வருஷம் கடலில் கிடந்தும் வெள்ளிக்கு பில் இருந்தது, கட்டிக்குக் கட்டி கணக்கு இருந்தது. சின்னத் தாத்தாவுக்கு இருந்தது இரண்டு ரூபாய் பால் கணக்கு மட்டும்.

அப்படியும் சொல்லிவிட முடியாது. அவருக்கும் ஒரு பேரேடு இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஓர் அமைப்பு. கடலில் போய்க் கல்லறை இல்லாத இந்திய மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைப் புத்தகமாக எழுதி, ஒன்றை மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் இருக்கும் மாலுமிகள் இல்லத்திலும் இன்னொன்றைச் சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைத்தார்கள். இப்போது அந்தப் பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். காசு கிடையாது. ஆள் பெயர், வேலை, கப்பல், இறந்த நாள். சிலருக்கு அப்பா பெயரும் ஊரும்கூட உண்டு.

திலாவா, 23 நவம்பர் 1942 என்று வைத்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சின்னத் தாத்தா பெயர் மாதிரி இரண்டு பெயர்கள். இரண்டிலும் ஓர் எழுத்து இடிக்கிறது. இவரா, அவரா என்று சத்தியம் பண்ண முடியாது. கியூவில் இருக்கும் மாலுமி ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். லண்டனில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் லீவு போட்டுப் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். சாப்ட்வேர்க்காரன் லீவு, வந்தால்தான் நிஜம்.

அத்தையிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "ரெண்டு பேர் இருக்கு அத்தை. எது தாத்தான்னு..."

"ரெண்டு பேரும் ஒரே கப்பலா?"

"ஆமா."

"ஒரே நாளா?"

"ஆமா."

"அப்புறம் என்னடா? எழுத்து கோர்ட்டுக்குத்தானே வேணும். நாள் கெடச்சிருச்சுல்ல."

பி.காம். படித்தது நான். ரிகன்சிலியேஷன் போட்டது அவர்.

ஐயரிடம் போனோம். பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். "விடியறதுக்கு முன்னாடின்னா கணக்கு இழுக்குமே" என்று விரலை மடக்கினார். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பௌர்ணமி முடிந்து பிரதமை வந்துவிடுகிறது. கப்பல் போனது அதற்கப்புறம். ஆக கார்த்திகை மாதம், தேய்பிறைப் பிரதமை. சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். "முதல் நாள் கிருத்திகை நட்சத்திரம் வேற. திருக்கார்த்திகை தீபம்."

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப அன்னைக்கு ராத்திரி எங்கம்மா என்னைய மடியில போட்டுக்கிட்டு வெளக்கேத்தியிருக்கும்" என்றார்.

திதியைத் தேவிபட்டினத்தில் கடற்கரையிலேயே வைத்தோம். செய்ய வேண்டியவர் அத்தை மகன். அவர் ஷார்ஜாவில் இருக்கிறார். மேனேஜர், 'இறந்து 80 வருஷம் ஆனவருக்கு அவசர லீவா?' என்று கேட்டாராம். கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. என் அப்பாவே செய்தார். அத்தை பிண்டத்தைவிடப் படையலில்தான் குறியாக இருந்தார். சமையல்காரருக்குப் படையல், உப்பு கூடக் குறைய இருந்தால் மனுஷன் சும்மா இருப்பாரா? விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தானே வைத்த காரக்குழம்பைத் தூக்குவாளியில் மடியோடு வைத்துக்கொண்டு வேனில் வந்தார். வழியெல்லாம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

திரும்பி வரும்போது ராமநாதபுரம் தாண்டியதும் கேட்டார்.

"அந்த வெள்ளியெல்லாம் என்னாச்சுன்ன?"

"தென்னாப்பிரிக்காவுக்குத்தான்னு சொல்லிட்டாக அத்தை."

"எத்தனை கட்டி?"

"ரெண்டாயிரத்து முந்நூத்து அறுபத்தி நாலு."

"அத்தனையையும் எண்ணியா எடுத்தாக?"

"எண்ணித்தான்."

"ம்" என்றார். தூக்குவாளியைத் திறந்து மிச்சமிருந்த குழம்பைப் பார்த்துவிட்டு மூடினார். "அங்கேயே கெடந்தவுகளையும் ஒரு வார்த்தை எண்ணியிருக்கலாம்ல."